டிகிரி காத்திருந்த அப்டேட்

என் அத்தானை, அக்கா வீட்டுக்காரரை, பாதிப் பேர் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய டிகிரி இல்லை. யாராவது கடைக்குள் நுழைந்து ஃபிரிட்ஜ் சரியில்லை என்று வாயைத் திறப்பதற்குள் “உள்ள எத்தனை டிகிரி?” என்று கேட்டுவிடுவார். வந்தவர் திருதிருவென்று முழிப்பார். எந்த மனிதன் அதைத் தெரிந்து வைத்திருக்கிறான்? இருபது வருடமாக அதே கடையில் அவரோடு குப்பை கொட்டுகிறேன், எனக்கே என் வீட்டு ஃபிரிட்ஜின் டிகிரி தெரியாது.

அவருக்கு ஒரு சட்டமும் உண்டு. கேஸ் ஏற்றி மோட்டாரை ஓடவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் எடுத்த அளவெல்லாம் பொய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை என் மதியச் சாப்பாடு அப்படி ஒரு ஃபிரிட்ஜுக்குள் மாட்டிக்கொண்டது. நான் பசியில் சுருண்டு கிடந்தேன். மனுஷன் கைப்பிடியைத் தொடக்கூட விடவில்லை.

இப்படிப்பட்டவர் நான்கு வருடமாக வேறொரு எண்ணோடு மல்லுக்கட்டுகிறார். என் மருமகளுக்கு, அதாவது அவருடைய ஒரே மகளுக்கு, ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. தினமும் இன்சுலின் போட்டே ஆகவேண்டிய வகை. இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் கையில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது அவள் ஃபோனுக்கு அளவைச் சொல்லும், அவள் ஃபோன் அத்தானுக்கும் என் அக்காவுக்கும் சொல்லும். சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கினால் மூன்று ஃபோனும் ஒரே நேரத்தில் அலறும். உடனே அவள் இனிப்பாக எதையாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவாள். சென்சார் வருவதற்கு முன் ஒரு தடவை விழுந்திருக்கிறாள். அன்று அத்தான் இருந்த இருப்பைப் பார்த்தவன் நான். மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

போன மாதம் ஒரு காலையில் சென்சார் அளவை ஃபோனில் காட்டும் செயலி படுத்துவிட்டது. ‘உங்கள் ஃபோனின் பதிப்பு பழையது, புதிய பதிப்புக்கு மாறிய பின் தொடரலாம்’ என்று ஒரு வரி. சரி, மாறுவோம் என்று செட்டிங்குக்குள் போனால், ‘உங்கள் ஃபோன் சமீபத்திய பதிப்பில் உள்ளது’ என்கிறது. ஒருத்தன் பழசு என்கிறான், இன்னொருத்தன் புதுசு என்கிறான், நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். கம்பெனிக்கு அழைத்தால் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்: “உங்க மாடலுக்குக் கட்டம் கட்டமா அனுப்பிட்டிருக்கோம் சார், கொஞ்சம் பொறுமையா இருங்க.” பொறுமையாம். மூன்று ஃபோனும் ஒரே தள்ளுபடியில் வாங்கிய ஒரே மாடல், ஆகவே மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. என்னுடையது பட்டன் ஃபோன். அதைக் கொடுத்தால் டார்ச் அடிக்கலாம், அவ்வளவுதான்.

பத்தொன்பது நாள் அத்தான் மனுஷனாக இல்லை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ரத்தம் சோதிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு ஓடுவார். மருமகள் தோழிகள் முன்னால் விரலைக் குத்திக்கொண்டு எண்ணைக் காட்ட வேண்டும். வெட்கத்தில் அவளுக்கு உயிர் போகும். ராத்திரியும் இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து அவள் விரலைப் பிடிப்பார். கடையில் நின்றுகொண்டே தூங்கி வழிந்தார். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் ஃபிரிட்ஜைப் பிரித்துப்போட்டு, இதை எதற்குப் பிரித்தோம் என்று என்னையே கேட்டார். நாளுக்கு நாற்பது தடவை செட்டிங்கைத் திறந்து அப்டேட் வந்துவிட்டதா என்று பார்ப்பார். வந்திருக்காது.

இதற்கு நடுவில் பள்ளிச் சுற்றுலா வந்தது. வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்ப வேண்டும். மருமகள் ஒரு வருடமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பயணம். அத்தான் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“ஃபோன் கத்துச்சுன்னா போ. கத்தலேன்னா போக வேண்டாம்.”

அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. பையை மட்டும் கட்டிவைத்தாள். “கட்டின பையைப் பாக்க முடியலடா” என்று அக்கா என்னிடம் புலம்பினாள். எனக்கு அத்தான் மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அதனால் எரிச்சல் இன்னும் அதிகமானது.

புதன்கிழமை பள்ளி விட்டு மருமகள் நேராகக் கடைக்கு வந்தாள். அக்கா பல் மருத்துவமனையில் வேலை முடிந்து வர ஏழு மணியாகும், அதுவரை அவள் எங்களோடுதான் இருப்பாள். ஸ்டூலில் உட்கார்ந்தவள் ஃபோனை நீட்டினாள்.

“அப்பா, வந்துடுச்சு.”

அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்த ஸ்பானரை என் காலில் போட்டார். நான் கத்தியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. இடம் போதவில்லை என்று ஃபோன் முரண்டு பிடித்தது. மருமகள் இருநூறு படங்களை மளமளவென்று அழித்தாள். பதிவிறக்கம் ஆரம்பித்தது. பத்து, இருபது, நாற்பது என்று ஏறி, அறுபத்தொன்றில் நின்றது. ‘ஃபோன் சூடாக உள்ளது. குளிர்ந்த பின் தொடரும்.’

அதைப் படித்ததும் அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. பத்தொன்பது நாளில் முதல்முறையாக அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை அந்த ஃபோன் பேசியிருக்கிறது.

“சூடு தானே. இது நம்ம வேலை” என்றார். ஈரம் படாமல் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் மேல் தட்டில் ஃபோனை வைத்துக் கதவைச் சாத்தினார்.

“அப்பா, உள்ள வச்சா சிக்னல் கிடைக்காதுப்பா” என்றாள் மருமகள்.

“ஃபிரிட்ஜப் பத்தி எனக்கே சொல்லித் தரியா? ஒரு மணி நேரம். யாரும் கதவைத் தொடக் கூடாது.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் காலைத் தேய்த்துக்கொண்டேன். டிகிரியோடு கதவு விஷயத்தில் வாதாடி ஜெயித்தவன் எவனும் இல்லை.

ஒரு மணி நேரம் மூன்று பேரும் அந்த ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பழுது பார்க்கக் கொடுக்க வந்த ஒருவர் உள்ளே ஏதோ உயிருள்ள பொருள் இருக்கிறது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார். மணி ஆனதும் அத்தான் கதவைத் திறந்து ஃபோனை எடுத்தார். ஜில்லென்று இருந்தது. அறுபத்தொரு சதவீதம். ‘இணைய இணைப்பு இல்லை.’

நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். மருமகள் ‘அப்பவே சொன்னேன்ல’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வயதில் நானாக இருந்தால் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

ஜன்னல் ஓரம் வைத்து நான் அட்டையால் விசிற, மீதியும் இறங்கியது. பிறகு திரை இருண்டு ஒரு கோடு தோன்றியது. கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் ஃபோனே போய்விடுமாமே என்று நான் வாயை வைத்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவரும் நானும் தலையோடு தலை முட்ட அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னால் ஏதோ உறிஞ்சும் சத்தம் கேட்டது. மருமகள் பையிலிருந்த பழச்சாறு டப்பாவில் ஸ்ட்ரா போட்டுக் குடித்து முடித்திருந்தாள்.

“என்ன பாப்பா?” என்றார் அத்தான்.

“எறங்குச்சுப்பா. அதான் குடிச்சேன்.”

அவர் ஃபோனை விட்டு எழுந்தார். கருவியை எடுத்து அவள் விரலைக் குத்தினார். அறுபத்தாறு.

“ஃபோனே செத்துக் கெடக்கு. உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“உதடு மதமதன்னு ஆகும். அப்புறம் காதுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும். ஃபோன் கத்துறதுக்கு முன்னாடியே நெறைய தடவை தெரிஞ்சுடும்.”

“இத்தனை நாள் ஏன் சொல்லல?”

அவள் காலி டப்பாவை மடக்கினாள். “நீங்க என்கிட்ட எங்க கேட்டீங்கப்பா? ஃபோனத்தான கேப்பீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். மேஜை மேல் கோடு முடிந்து, ஃபோன் உயிர்பெற்று, வரவேற்புப் படமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் செயலியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு அறுபத்தெட்டு என்று காட்டி, கடையே அதிரும்படி அலறியது. அந்தக் கேடுகெட்ட சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“கத்துதுப்பா. போகலாமா?” என்றாள்.

“ம், போ. ஆனா ஃபோன் சில நேரம் படுத்துக்கும். உதடு அப்படி ஆச்சுன்னா, அது கத்தட்டும்னு காத்திருக்காத. ஒடனே வாயில போட்டுக்கோ” என்றார்.

மறுநாள் மற்ற இரண்டு ஃபோன்களுக்கும் அப்டேட் வந்தது. இரண்டிலும் ஃபிரிட்ஜுக்குள் போகாமலே ஏறியது. வெள்ளிக்கிழமை காலை அவள் பேருந்தில் ஏறி, எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோழிகளோடு ஐக்கியமானாள். அக்கா வேலைக்குப் போனாள், நாங்கள் இருவரும் கடைக்கு வந்தோம்.

பதினொன்றரைக்கு அத்தானின் ஃபோன் அலறியது. அறுபத்தொன்பது, கீழ்நோக்கி அம்புக்குறி. அவர் உடனே அவளை அழைத்தார்.

“பாப்பா, எப்படிம்மா இருக்க?”

பின்னால் பிள்ளைகளின் கூச்சல். அவள் குரல் எனக்கும் கேட்டது. “தெரியும்ப்பா, அப்பவே குளுக்கோஸ் போட்டுக்கிட்டேன். வாயில கரைஞ்சிட்டிருக்கு. நாங்க பாட்டுப் பாடிட்டிருக்கோம், வச்சிடவா?”

“வச்சிடும்மா” என்றார்.

ஃபோனை மேஜையில் வைத்தார். கால் மணி நேரத்தில் எண் எண்பத்தைந்துக்கு ஏறியது. அதைப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த ஃபிரிட்ஜ் அட்டையை விரித்துப் படுத்தார். படுத்த நிமிடம் குறட்டை வந்தது. மதிய இடைவேளையில் சாப்பாட்டோடு வந்த அக்கா அவரைப் பார்த்துவிட்டு, எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அக்கா அவருடைய ஃபோனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் வெளியே போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன்.