தனலட்சுமிக்கு மூன்று வீட்டுக்காரர்கள்

மருத்துவமனைப் பதிவேடுகளைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து, எந்தப் புற்றுநோய் மருந்து யாரை என்ன செய்தது என்று பார்ப்பது என் வேலை. அதாவது, ஒரே ஆளை மூன்று இடத்தில் தேடிப் பிடிப்பது. ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து என்று தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்த உங்களுக்கு என் பாடு புரியும்.

கெட்டி நெஞ்சு

மார்பகப் புற்றுக்குப் போடும் ஓர் ஊசி சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும். ஆனால் எங்கள் சிதம்பரம் புற்றுநோய் வார்டுப் பதிவேட்டில் அப்படி ஒருவர்கூட இல்லை. மூச்சு வாங்கினால் கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் கடலூருக்குத்தானே ஓடுவார்கள் என்று அங்கிருந்த இதய வார்டுப் பதிவுகளையும் அனுமதியோடு வாங்கி இணைத்தேன். கணினி ஒரு பெயரைக்கூடச் சேர்க்கவில்லை. எனக்கோ மனசு ஆறவில்லை. அறிக்கையில் இதை அப்படியே எழுதிவிட்டால், இங்கே இனி யாருக்கும் இதயத்தைச் சோதிக்காமலே ஊசி போடுவார்கள்.

பெரிய டாக்டர் சிரித்தார். "நம்ம ஊரு ஜனங்களுக்கு நெஞ்சு கெட்டிய்யா, எழுதி முடி!"

இனிஷியல்

குடிகாடு என்ற ஒரே ஊரில் மட்டும் மூன்று தனலட்சுமிகள். எங்கள் வார்டில் என். தனலட்சுமி, கடலூர் இதய வார்டில் எஸ். தனலட்சுமி, காப்பீட்டுப் பதிவில் ஏ. தனலட்சுமி. மூவருக்கும் பிறந்த தேதி ஒன்றே. கணவர்கள் மட்டும் நடராஜன், சபாபதி, அம்பலவாணன். "மூணும் வேற வேற ஆளு" என்று கணினி அடித்துச் சொன்னது.

அந்த வாரமே என். தனலட்சுமி அடுத்த ஊசிக்கு வந்தார். பதிவு கவுண்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "வீட்டுக்காரர் பேரு?" என்றார் கவுண்டர்க்காரர். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு, கோயில் இருக்கும் திசையில் கையைக் காட்டினார். "அங்க ஆடுறாரே, அவரு பேருதான்." கவுண்டர்க்காரர் தலை நிமிராமல் நடராஜன் என்று எழுதினார். கடலூர்க்காரருக்குச் சபாபதி தோன்றியிருக்கிறது, இன்னொருவருக்கு அம்பலவாணன்!

நான் குறுக்கே புகுந்து கேட்டேன். "அம்மா, கடலூர்ல மூச்சு வாங்குதுன்னு படுத்திருந்தீங்களா? அங்க வேற பேரு எழுதியிருக்காங்களே?"

"ஆமா, படுத்திருந்தேன். எந்தப் பேரா இருந்தா என்னங்க, ஆளு ஒருத்தருதானே?"

ஊசி நின்றது

வார்டுக்கு ஓடி, நர்ஸம்மாவிடம் சொல்லி ஊசியை நிறுத்தினேன். ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் தளர்ந்திருந்தது. அன்று அந்த ஊசியும் ஏறியிருந்தால் இன்னும் தளர்ந்திருக்கும்.

பிறகு நடராஜர் பெயர்கள் எல்லாம் ஒன்றே என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்தேன், பிறந்த தேதியும் ஊரும் ஒத்துப்போனால் மட்டும். என்னோடு வேலை செய்யும் பரங்கிப்பேட்டை ரஃபீக், முகமது என்ற பெயரை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று தன் பங்குக்கு ஒரு பட்டியலே போட்டான். பொத்தானைத் தட்டினோம். எங்கள் வார்டுப் பெயர்கள் கடலூர்ப் பட்டியலில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. "மச்சான், சிக்கிருச்சுடா!" என்று ரஃபீக் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

பெரிய டாக்டர் பட்டியலை இரண்டு முறை படித்தார். இனி ஊசிக்கு முன்னும் நடுவிலும் எல்லாருக்கும் இதய ஸ்கேன் என்று அங்கேயே உத்தரவு எழுதினார். பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "கெட்டியா இருந்தது நெஞ்சு இல்லய்யா, நம்ம ரிஜிஸ்டர் அட்டைதான்."

வீட்டுக்காரர்

மருந்தை மாற்றி, இதயத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்துத் தனலட்சுமி அம்மா மாடிப்படி ஏறி, மூச்சு வாங்காமல் என் மேசை முன் வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே வீட்டுக்காரரும் வந்திருந்தார். விடுவேனா, பெயரைக் கேட்டேன். கனகசபையாம்!

"இந்த அம்மா உங்க பேர ஒரு தடவ சொல்லியிருந்தா எனக்கு இவ்ளோ அலைச்சல் இல்லீங்க" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். "அவ எம் பேரச் சொல்லவே வேணாம் சார், இருந்தா போதும்."

அவர்கள் படி இறங்குவதற்குள் தனலட்சுமிக்கு நாலாவது வீட்டுக்காரரையும் கணினியில் சேர்த்துவிட்டேன்.