காவித் தண்ணீர்

பள்ளிகொண்டாவில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் நான் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "போதும்" என்று என் கையைத் தடுக்க வந்தவள், தொடாமலே தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, கையில?"

என் விரல் மூட்டுகளின் மேல் வட்ட வட்டமாகக் குழி விழுந்திருந்தது. ஓரம் தடித்து, நடுவில் பள்ளமாக இருக்கும். வலி ஜாஸ்தி இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஆறவும் இல்லை.

"வேலை செய்ற எடத்துல கண்ணாடி கீறிடுச்சி" என்றேன்.

அந்த அம்மாள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்தவளும் மூடினாள். அப்படியே வரிசை முழுக்க, சாப்பிடாத சோற்றின்மேல் இலை மடிந்துகொண்டே போனது. யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நாத்தனார் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், "அண்ணி, நீங்க கெளம்பிடுங்க. பொண்ணு வாழ்க்கை" என்றாள். பெருநோய், குஷ்டம் என்ற வார்த்தையை அவள் வாய் சொல்லவில்லை. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நான் ஆம்பூருக்குத் திரும்பினேன்.

அப்போது நான் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வேலை பார்த்தேன். தொட்டியில் இறங்கித் தோல் மிதிக்கிற வேலை இல்லை. ஆவாரம்பட்டை இல்லாமல், மருந்துத் தண்ணீரிலேயே சீக்கிரமாகத் தோல் பதப்படுத்த முடியுமா என்று பார்ப்பதற்காக முதலாளி ஒரு சோதனை ரூம் கட்டியிருந்தார். மெட்ராஸில் படித்த வாலிபர் ஒருவர் அங்கே கெமிஸ்டாக இருந்தார். அவர் சோதித்துப் பார்த்து மிஞ்சுகிற கழிவையெல்லாம் அள்ளிக் கொட்டி, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைப்பது என் வேலை. மிஷன் பள்ளியில் அஞ்சாவது வரை படித்திருந்ததால் பாட்டில்களைச் சீட்டு பார்த்து அடுக்குவேன் என்று என்னை வைத்துக்கொண்டார்கள்.

கழிவுக்கென்று இருந்தது ஒரே வாளி. காவி நிறத் தண்ணீரும் அதில்தான், திராவகமும் அதில்தான், உப்பு மாதிரி ஏதேதோ கரைத்து மிஞ்சியதும் அதில்தான். சில நாள் எல்லாம் சேர்ந்ததும் காவி பச்சையாக மாறும். சில நாள் தீக்குச்சி கிழித்தது போல நெடி கிளம்பித் தொண்டையை அடைக்கும். அதைச் சுவருக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் ஊற்றிவிட்டு வருவேன். அதில் ஆபத்து இருக்குமென்று நானும் நினைக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு தட்டும் சொம்பும் தனியாக வாங்கி வந்தார். கண்ணைப் பார்க்காமல்தான் கொடுத்தார். நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஜெபம் மட்டும் பண்ணுவேன். "ஆண்டவரே, நான் அந்த நோய்க்காரக் கூட்டத்தில் ஒருத்தி இல்லையென்று சொல்லும்" என்பதுதான் என் ஜெபம்.

கடைசியில் என் வீட்டுக்காரரே என்னை ரயிலேற்றி வேலூர் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா தமிழ்க்காரர்தான். என் கையைக் கூசாமல் தன் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கே எனக்கு அழுகை வந்தது.

"கண்ண மூடிக்கோ. பஞ்சால தொடுவேன். தொட்டா சொல்லு."

"தெரியுது" என்றேன். மறுபடி, "தெரியுது." குழியைச் சுற்றி எங்கே தொட்டாலும் தெரிந்தது. கையில் வைத்த கண்ணாடிக் குழாய்களில் சுடுதண்ணீர் எது, பச்சைத்தண்ணீர் எது என்றும் தெரிந்தது.

"இது பெருநோய் இல்ல. அதா இருந்தா தொட்டது தெரியாது" என்றார் டாக்டரம்மா. "இன்னா வேலை செய்யறே?"

காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் தொடுவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். காவித் தண்ணீர் என்றதும் நிறுத்தினார். மூக்கில் பொருக்கு கட்டுகிறதா, ரத்தம் வருகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "மூக்குக்குள்ள நடுத்தட்டுல ஓட்டை விழுந்திருக்கும்மா" என்றார். "புண்ணு ஆறிடும். இது மூடாது. அந்தத் தண்ணியக் கையால தொடாதே. அதுல இன்னா இருக்குன்னு உங்க கெமிஸ்டைக் கேளு."

மறுநாள் கெமிஸ்டிடம் அப்படியே சொன்னேன். கோபப்படுவார், வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன். அவரோ, "தொட்டா தெரியுதான்னு பாத்தாங்களா? எப்படிப் பாத்தாங்க?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, எந்நேரமும் விரல்களில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்தார். என் கையில் இருந்த அதே குழிகள்.

"பொண்ணு பாத்து நிச்சயம் பண்ணியிருந்தாங்க. நான்தான் வேணாம்னு நிறுத்திட்டேன்" என்றார். "இன்னான்னு சொல்றது?"

மேஜையிலிருந்து பஞ்சை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அதுவரை அவர் என் கைக்கு எதையும் நேராகக் கொடுத்ததில்லை. கீழே வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். இப்போது கண்ணை மூடிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் தொட்டேன்.

"தெரியுதா சார்?"

"தெரியுது." அவர் குரல் உடைந்துவிட்டது. துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, "அந்தக் காவித் தண்ணி பைக்ரோமேட். சதையில துளை போடும்னு படிச்சிருக்கேன், பரீட்சைக்கு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே வாளியை நிறுத்தினார். காவித் தண்ணீருக்கு ஒரு ஜாடி, திராவகத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. ஒவ்வொன்றின்மேலும் அதில் இருப்பது என்ன, என்ன செய்யும் என்று தமிழில் எழுதி ஒட்டினார். எனக்கு ரப்பர் கையுறை வந்தது. பின்பக்கப் பள்ளத்தைப் போய்ப் பார்த்தோம். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, புல் கருகியிருந்தது. அக்கம்பக்கத்து ஆடுகள் கால் வைக்காதபடி முள் வெட்டிப் போட்டு அடைத்தோம். பள்ளத்தில் ஏற்கனவே ஊறிப்போனதை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

என் புண்கள் ஆறின. வட்டத் தழும்பு மட்டும் நின்றது. விஷயம் ஷாப்புக்குள் பரவி, மருந்துத் தண்ணீரில் வேலை செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக, யாரும் பார்க்காதபோது என்னிடம் கையைக் காட்ட வந்தார்கள். எல்லோரும் ஒளித்து வைத்திருந்த கைகள். பஞ்சால் தொடுவேன், "தெரியுது" என்பார்கள், சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் தோல் உலர்த்துகிற ஆள் ஒருவர் வந்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். கண்ணை மூடிக் கையை நீட்டினார். தொட்டேன். வேறு இடத்தில் தொட்டேன். கொஞ்சம் அழுத்தியும் தொட்டேன்.

"எப்பம்மா தொடுவே?" என்று கேட்டார்.

அந்த நிமிஷம் முதலில் என் மனசில் வந்தது இரக்கம் இல்லை. நல்லவேளை, நான் இல்லை என்பதுதான். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று அத்தனை நாள் ஸ்தோத்திரம் பண்ணியதெல்லாம் அவர் முன்னால் எனக்குக் கூசியது. எந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தி இல்லையென்று சொல்லும்படி கேட்டேனோ, அதில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு என் எதிரில் நின்றிருந்தார்.

உண்மையைச் சொன்னேன். அடுத்த வாரம் நானும் என் வீட்டுக்காரரும் அவரை வேலூர்ப் பக்கம் இருந்த பெருநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். வைத்தியத்துக்கு அங்கேயே இருத்திக்கொண்டார்கள். அவர் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தபடி வந்தேன். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து, "உங்களுக்கு வந்த மாதிரிதான அக்கா, ஆறிடுந்தான?" என்றாள்.