மூக்குத்தி மின்னாத பிரதி

சபையில் யாராவது எழுந்து சாட்சி சொன்னால், இது உண்மையிலேயே நடந்ததா, இல்லை கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார்களா என்று உள்ளுக்குள் அலசிக்கொண்டிருக்கிற ஆள் நான். என்னையே சாட்சி எழுத வைத்துவிட்டார் ஆண்டவர். நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வாசிக்கலாம். எனக்கு வருத்தமில்லை.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தார். நாங்கள் எட்டு மாதமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்த பழைய படம், டிஸ்க்காக வெளிவருவதற்கு முன்பே இன்டர்நெட்டில் முழுசாக வந்துவிட்டது என்றார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பிலிம் பிரதி. தயாரிப்பாளர் குடும்பத்தார் எங்களை நம்பி அதைக் கொடுத்திருந்தார்கள். ஒரு காட்சிகூட முன்னால் வெளியே போகக் கூடாது என்பது பேச்சு. அதைத் திருடியது யார் என்று பத்து நாளைக்குள் தெரியாவிட்டால் படத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். "நம்ம மூணு பேரைத் தவிர அதைத் தொட்டவங்க யாருமில்லம்மா" என்று சொல்லி போனை வைத்தார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங்கில் இருந்தேன். அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். இழை விட்ட இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. பழைய படங்களைச் சுத்தம் செய்து டிஸ்க் போடுகிற எங்கள் முதலாளி, இந்தக் கண்ணுக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய மாடியில் ஞானதுரை பிலிமை மெஷினில் ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், எங்கள் சபைக்காரன். அவன் வாரம் ஒரு முறை ஹார்ட் டிஸ்க்கை பஸ்ஸில் என் வீட்டுக்குக் கொண்டுவருவான். நான் வீட்டிலேயே உட்கார்ந்து தூசியையும் கீறலையும் துடைத்து வைப்பேன். முடித்ததை அவனே திரும்பக் கொண்டுபோவான். குறை கண்டுபிடிப்பது எனக்குத் தொழில். என் கணவர் அதைப் பிறவிக் குணம் என்பார்.

மூன்று பேரில் முதலாளி தன் படத்தைத் தானே திருடமாட்டார். நான் எடுக்கவில்லை. மிச்சம் ஞானதுரை. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை பார்ப்பான். கேட்டால் தூசி வரும் என்பான். பொங்கலுக்குப் புது போன் வாங்கியிருந்தான். ஒரு தடவை டிஸ்க்கைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். இரண்டு தடவை பஸ் லேட் என்று ஒரு மணி நேரம் கழித்து வந்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு படத்தைக் காப்பி எடுக்க முடியாதா? ஒன்று விடாமல் முதலாளியிடம் சொன்னேன். அன்று மாலையே அவர் ஞானதுரையை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவன் சண்டைக்கு வரவில்லை. எனக்குப் போன் செய்து, "நான் எடுக்கலக்கா" என்று மட்டும் சொன்னான். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எடுக்காதவன் கத்தியிருக்கமாட்டானா? கத்தியிருந்தால், திருடனுக்கு எவ்வளவு வாய் என்று நினைத்திருப்பேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சபையில் பெண்கள் உபவாச ஜெபம். நான் எழுந்து ஜெபக் குறிப்புச் சொன்னேன். கூட வேலை பார்க்கிற ஒருவர் துரோகம் செய்துவிட்டார், ஆண்டவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஜெபியுங்கள் என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. என்னோடு வேலை பார்ப்பது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஞானதுரையின் மனைவி எஸ்தர் பக்கத்துப் பாயில்தான் இருந்தாள். அத்தனை பெண்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எது உண்மையோ அது வெளிய வரட்டும்" என்று சத்தமாக ஜெபித்தாள். என்ன ஒரு நடிப்பு என்று நினைத்துக்கொண்டே நானும் ஆமென் சொன்னேன்.

முதலாளிக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. இன்டர்நெட்டில் வந்த படத்தை முழுக்கப் பார்த்து, அது எந்த வாரத்து டிஸ்க்கிலிருந்து போனது என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னார். அதுவரை நான் அதை ஐந்து நிமிடம்கூடப் பார்த்திருக்கவில்லை. பார்க்கவே மனசு வரவில்லை. திங்களிலிருந்து மூன்று நாள் உபவாசம் இருந்தேன். புதன்கிழமை காலை, "அப்பா, திருடனை என் கண்ணுக்குக் காட்டும்" என்று ஜெபித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

காட்டினார்.

படத்தில் கதாநாயகி கிணற்றடியில் திரும்பிப் பார்க்கிற ஒரு இடம் உண்டு. திரும்பும்போது அவள் மூக்குத்தி இரண்டு தரம் மின்னும். தூசி துடைக்கிற சாப்ட்வேருக்குத் தூசிக்கும் மூக்குத்திக்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளையாக எது மின்னி மறைந்தாலும் அழுக்கு என்று துடைத்துவிடும். மழைத்துளியைக்கூட விடாது. அப்படி அது துடைத்துப்போட்டதை, ஞானதுரை ஏற்றிய மூலத்தோடு ஒப்பிட்டுத் திரும்ப எடுத்து வைப்பது என் கைவேலை. அதைச் செய்யாமல் ஒரு டிஸ்க்கும் என் வீட்டை விட்டுப் போனதில்லை. இன்டர்நெட்டில் வந்த படத்தில் மூக்குத்தி மின்னவில்லை.

நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஞானதுரை ஏற்றியதில் மின்னும். நான் முடித்துக் கொடுத்ததிலும் மின்னும். மின்னாத பிரதி டிசம்பரில் இரண்டு வாரம் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. உடனே, வீட்டுக்கு நெட் சரிசெய்ய வந்தவரைச் சந்தேகப்பட்டேன். எதிர்வீட்டுக் கல்லூரி மாணவியைச் சந்தேகப்பட்டேன். அதன் பிறகுதான் என் கணவர் நினைவுக்கு வந்தார்.

அவர் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது வடக்கே பனிமலையில் போஸ்டிங். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. எந்நேரமும் படம் படம் என்று கிடக்கிறாயே, அதையாவது என் கண்ணில் காட்டு என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு எந்த நிலையில் இருந்ததோ அப்படியே முழுப் படத்தையும் அனுப்பினேன். அதை வெளியே கொடுத்ததாக நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. கட்டின கணவருக்குக் கொடுப்பது எப்படி வெளியே கொடுப்பதாகும்?

அவருக்குப் போன் போட்டேன். "ஒரே ஒருத்தனுக்குத்தான் குடுத்தேன். நம்ம கேம்ப்ல இருக்க சங்கரன்கோவில் பையன். ஊரு ஞாவகமா இருக்கு, குடுங்கண்ணேன்னு கேட்டான்" என்றார். அந்தப் பையனும் ஒரே ஒருத்தனுக்குத்தான் கொடுத்திருப்பான்.

அடுத்து நான் நினைத்ததை எழுதக் கை கூசுகிறது. இந்த மூக்குத்தியைக் கண்டுபிடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மதியம்வரை ஆண்டவரோடு பேரம் பேசினேன். உம்மிடம் அறிக்கை செய்துவிட்டேனே, அது போதாதா என்றேன். இது பிசாசின் வேலையோ என்றுகூட நினைத்தேன். நான் கேட்டதற்குப் பதில் கொடுத்தவரையே சந்தேகப்பட்டேன். ஆனால் ஞானதுரை திங்கட்கிழமையிலிருந்து ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பண்டல் தூக்குகிறான் என்று முந்தின நாள் கேள்விப்பட்டிருந்தேன். பிலிமின் ஓரத்தைக்கூடக் கையுறை மாட்டித் தொடுகிறவன். அது நெஞ்சை அறுத்தது. சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. "நீங்க சொல்லித்தானேம்மா அவனை அனுப்புனேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திரும்பும் வழியில் நேராக ஞானதுரை வீட்டுக்குப் போனேன். அவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். சட்டையெல்லாம் பஞ்சு. நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு, பரவாயில்லை, உட்காருங்கள் என்றான். எஸ்தர் உட்காரச் சொல்லவில்லை.

"எங்ககிட்ட சொன்னா பத்தாதுக்கா" என்றாள். "எங்க வச்சு ஜெபிக்கச் சொன்னியளோ, அங்க வச்சுச் சொல்லுங்க. அன்னைக்குப் பேரு சொல்லாமச் சொன்னிய. இப்பப் பேரு சொல்லிச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அதே பெண்கள் முன்னால் நின்றேன். ஞானதுரை எடுக்கவில்லை, படம் போனது என் வீட்டிலிருந்து, அனுப்பியது நான் என்று சொன்னேன். எஸ்தர் தலையைக் குனிந்து விசும்பி விசும்பி அழுதாள். மற்றவர்கள் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முறை பார்த்தது என்னை.

தயாரிப்பாளர் குடும்பத்தாரிடம் முதலாளியோடு நானும் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் எங்களைக் காக்க வைத்துவிட்டு, படம் எங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். ஆண்டவர் அவர்கள் மனதில் இரக்கம் வைத்தார். ஆடி மாதம் டிஸ்க் வெளிவந்தது. ஞானதுரை மாடிக்குத் திரும்பிவிட்டான். எனக்கு இனி வீட்டில் வைத்துச் செய்கிற வேலை கிடையாது. தினமும் பஸ்ஸில் போய் அவன் அறையிலேயே உட்கார்ந்து துடைக்கிறேன். கதவைச் சாத்தாவிட்டால் தெருத் தூசி உண்மையாகவே உள்ளே வருகிறது. எஸ்தர் இப்போது என்னோடு பேசுகிறாள். ஆனால் முன்னைப் போல இல்லை. அது அவளுடைய நியாயம்.

என் சந்தேக புத்தி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். இன்னும் வரத்தான் செய்கிறது. வந்ததும் வேறு யாரிடமும் போய்ச் சொல்வதற்கு முன்னால், நான் என்ன செய்தேன் என்று ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். முன்பு அந்தப் பழக்கம் இல்லை.

உன் ஜெபம் கேட்கப்பட்டதே என்று பலர் சொல்கிறார்கள். இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் கேட்டது ஞானதுரையை. எஸ்தர் கேட்டது உண்மையை. கேட்கப்பட்டது அவளுடைய ஜெபம். அதற்கு என் கண்ணைப் பயன்படுத்திக்கொண்டாரே, அந்தக் கிருபைக்காகத்தான் நான் அவருக்கு நன்றி சொல்கிறேன். அன்றைக்கு அவர் பேசாமல் இருந்திருந்தால், ஒரு நல்லவன் பெயரைக் கெடுத்தோம் என்பது தெரியாமலே நான் ஆமென் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

உங்களுக்கும் யார் மேலாவது மனத்தாங்கல் இருக்கலாம். முழங்காலில் நில்லுங்கள், நம்பிக் கேளுங்கள். ஆனால் மனதுக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற பெயரை அழித்துவிட்டுக் கேளுங்கள். அவர் நிச்சயம் காட்டுவார். எனக்கு மூன்றே நாளில் காட்டினார்.