தங்கைக்கு மட்டும் எளிதாக இருந்தது

எனக்கும் தங்கைக்கும் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை. கூலாய் நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்தே இருந்தோம். சூப்பர்வைசர் தேர்வுக்கும் சேர்ந்தே பெயர் கொடுத்தோம். வேலை விட்டு வந்ததும் அவள் குளிப்பாள், தேநீர் கலக்குவாள், புத்தகத்தைத் திறப்பாள். எந்தத் தயக்கமும் இல்லாமல் திறப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எதிரில் அதே புத்தகத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன். அட்டையைப் புரட்டக் கை போகாது. பதவி உயர்வு வேண்டும் என்று மனமார ஆசைப்பட்டேன். ஆனால் அது எங்கோ தூரத்தில் இருந்தது. கைப்பேசி கையிலேயே இருந்தது.

"உக்காந்து படிச்சா முடிஞ்சிரும்லா, அக்கா. இதுல என்னா கஷ்டம்?" என்பாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளறியது.

அவள் தேறினாள். நான் பாதித் தாள்கூட எழுதவில்லை. எங்கள் ஊரான லாபிஸிலிருந்து அம்மா கேக்கோடு வந்தார். "ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்கதான்," என்று அவர் பெருமூச்சு விட்டபோது, நான் கேக் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

பிறகு, நான் எதையும் தொடங்க முடியாமல் திணறுவதைக் கவனித்த தங்கையே என்னை ஜோகூர் பாருவில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு என்றார் அவர். "சோம்பேறித்தனம் இல்லைங்க. ஒரு வேலைய ஆரம்பிக்கிறதே உங்களுக்குப் பெரிய பாரமா இருக்கு. லேட்டா கிடைக்கிற பலன் உங்க மனச இழுக்க மாட்டேங்குது."

மாத்திரை போட்ட முதல் சனிக்கிழமை, எச்சில் தட்டுகளைப் பார்த்தேன், கழுவினேன். இப்போதா, அப்புறமா என்று உள்ளே எந்தப் பேரமும் நடக்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஈரத்தட்டைப் பிடித்தபடி அழுதேன்.

தங்கை ஓடி வந்தாள். "மாத்திர ஒத்துக்கலையா?"

"ஒத்துக்கிச்சு. உனக்கு எப்பவுமே இப்படித்தானா? தட்டப் பாத்தா கழுவிடுவியா?"

"ஆமா. வேற எப்படி?"

"உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. சின்னப் புள்ளையிலேர்ந்து இருக்கு."

அவள் கோபப்படவில்லை. "இவ்ளோ நாளா நீ வேணும்னே படிக்கலன்னு நெனச்சிட்டேன்க்கா," என்றாள். துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த தேர்வில் நானும் தேறினேன். மாத்திரை எல்லா நாளும் ஒரே மாதிரி கைகொடுப்பதில்லை. சில சாயங்காலங்களில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதே மலையாகத் தெரிகிறது. போன மாதம் தங்கை பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். வேலைக்கும் போய்க்கொண்டு அதையும் முடித்துவிடுவாள், எனக்குத் தெரியும். வாழ்த்துச் சொன்னேன். மனசு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.