உமக்குச் சித்தமானால்

மகள் சரவணம்பட்டியில் வேலை பார்த்த நாட்களில், கோயமுத்தூரில் கணபதிப் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கே இரண்டு முறை போன் போடுகிறவன் நான். அப்படிப்பட்டவனிடம், கம்பெனி அவளை அயர்லாந்துக்கு அனுப்பப்போகிறது, விசா வருவதுதான் பாக்கி என்று சொன்னால் என்ன செய்வேன்? ஜெபம் செய்தேன். விசா கிடைக்கக் கூடாது என்று.

இதை வெளியே சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவராக வாய்விட்டுத்தான் ஜெபிக்க வேண்டும். விசா அதிகாரியின் இருதயத்தைத் திருப்பும்படி மனைவி மன்றாடுவாள். அடுத்தது என் முறை. மகள் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். "விசா கிடைக்கப் பண்ணும் ஆண்டவரே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, வால்போல ஒன்றைச் சேர்ப்பேன்: "உமக்குச் சித்தமானால்." அந்த 'ஆனால்' இருக்கிறதே, அதற்குள் ஒரு விமானம் நுழைந்து வட்டமடித்து, பீளமேடு விமான நிலையத்திலேயே திரும்ப இறங்கிவிடலாம்.

மூன்றாம் வாரம் மனைவி பிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, போன மாசம் உங்க மூட்டுவலிக்கு ஜெபம் பண்ணுனப்ப சித்தமும் இல்ல, கித்தமும் இல்ல. 'இப்பவே எடுத்துப்போடும்'னீங்க. புள்ளை விசாவுக்கு மட்டும் எங்கிருந்துங்க வருது இந்தச் சித்தம்?"

"அது பணிவு."

"பணிவுங்களா! கீசரைச் சரி பண்ணுங்கன்னா மூணு வருசமா 'ஆகட்டும், ஆகட்டும்'ங்கறீங்க. ஆமென்னாலும் ஆகட்டும்னுதானுங்களே அர்த்தம்? உங்க ஆகட்டும் எப்படிப்பட்டதுன்னு எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதுங்களா?"

ஜெபத்துக்கு ஆம், இல்லை, பொறு என்று மூன்று பதில்கள் உண்டென்று நான் படித்த புத்தகங்கள் சொல்லும். எழுதியவர்கள் கோயமுத்தூர்ப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. இங்கே யாரும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்பதில்லை. "பாக்கலாமுங்க" என்பார்கள். கேட்கப் போனவர் காப்பி குடித்து, சந்தோஷமாக வீடு திரும்பி, சட்டையைக் கழற்றும்போதுதான் காரியம் நடக்காது என்பது உறைக்கும். ஆண்டவரும் எங்களோடு இத்தனை காலம் புழங்கியவர்தானே, அயர்லாந்துக்கு ஒரு "பாக்கலாமுங்க" சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

விசா வந்துவிட்டது.

அதைவிட மோசம் ஞாயிற்றுக்கிழமை. "மகளுக்காகக் கண்ணீரோடு ஜெபித்த சகோதரர் இப்போது சாட்சி சொல்லுவார்" என்று போதகர் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். கண்ணீர் என்னவோ உண்மை. "ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார்" என்றேன். யாருடைய ஜெபத்தை என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. முன்வரிசையில் மனைவி மட்டும் இருமினாள்.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேத் தோட்டத்தில் முழங்கால் போட்டவருக்கும் கேட்டது கிடைக்கவில்லை. சாட்சி சொல்லி இறங்கும்போது அது நினைவுக்கு வந்து கூசியது. பிதாவின் சித்தம் என்று அவர் சொன்னது, அதற்குத் தம்மையே ஒப்புக்கொடுத்துத்தான். நான் அதே சொல்லைக் கொல்லைப்புறக் கதவாக வைத்திருந்தேன்.

புறப்படும் நாள் காலையில் பெட்டிகள் வாசலில் நின்றன. கார் வர நேரமிருந்தது.

"அப்பா, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள் மகள். அப்புறம் குரலைத் தணித்து, "சித்தமானால்னு சொல்றப்ப மட்டும் உங்க சத்தம் எட்டு ஊருக்குக் கேக்குமுங்கப்பா. எனக்கு மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே, கண்ணு?"

"சும்மா எங்க இருந்தேன்? நீங்க முடிச்சதும் மனசுக்குள்ள ஒரு எதிர் ஜெபம் பண்ணிப்போடுவேனுங்கப்பா. தினமும்."

என் ஒரு ஜெபத்துக்கு எதிராக அம்மாவும் மகளுமாக இரண்டு. ஆண்டவர்தான் என்ன செய்வார்?

கண்ணை மூடினேன். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றேன். குளிர் தாங்கவும், நல்ல மனிதர்கள் வாய்க்கவும், அங்கே அவள் சந்தோஷமாக இருக்கவும் கேட்டேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். வால் வரும் என்று காத்திருந்த மனைவி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஆமென்" என்று சொல்லிவிட்டுக் கனமான பெட்டியைத் தூக்கினேன். மூட்டு வலித்தது.