கதவுக்குள் போன கை

மோட்டார் கார் கதவின் பூட்டைக் கழற்றப் பெரிய பலம் வேண்டாம், சின்னக் கை வேண்டும். வீட்டுக்காரரின் தொழிலில் இடையில் போய் நின்ற சகோதரிகளுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் எல்லாரும் கல்யாணமாகித் தனியாகப் போன பிறகு ஒரு நாள், ஜாக்கி நழுவி இவர் வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரிக்க ஆறு வாரமாகும். அப்போது பெங்களூரில் கார்களே கொஞ்சம். நீலசந்திராவில் எங்கள் கார் ரிப்பேர் ஷெட்டை மூடினால் வாடிக்கையெல்லாம் எதிர் ஷெட்டுக்குப் போய்விடும், திரும்பாது என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. "நீங்க வாயால சொல்லுங்க, நான் கையால செய்யறேன்" என்றேன்.

லேடி டாக்டரின் கார்

முதலில் வந்தது ஒரு லேடி டாக்டரின் கார். முன்கதவுப் பூட்டு இறுகிப்போயிருந்தது. வளையலைக் கழற்றி வைத்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி ஆரம்பித்தேன். உள் கைப்பிடிகளை எடுத்து, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையை நெம்பிப் பிரித்து, கதவோரத்து ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் பூட்டு தொப்பென்று கதவின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டது.

"ஒரு கையால பிடிச்சுக்கிட்டுக் கழட்டணும்னு சொன்னேனே" என்றார் இவர், முக்காலியிலிருந்து. சொல்லவே இல்லை. முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா குனிந்து பார்த்துக் கேட்டார்: "எது முதல்ல வருது, தலையா, காலா?"

கல்யாண வண்டி

வாடகைக் கார் ஓட்டும் பாஷா பாயின் கதவு, வண்டி போகும்போதே திறந்துகொண்டது. சாயங்காலம் கல்யாணப் பெண்ணை ஏற்ற வேண்டும். பூட்டைக் கழற்றி, ஸ்பிரிங் மாற்றி, திரும்ப வைத்து, அட்டையையும் போட்டுவிட்டுப் பெருமையாகக் கதவைச் சாத்தினேன். பிறகு உள்ளேயிருந்தும் திறக்கவில்லை, வெளியேயிருந்தும் திறக்கவில்லை. ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் போட்டிருந்தேன்.

மறுபக்கத்துக் கதவு வழியாக ஏறி, ஸ்டியரிங்குக்கு அடியில் ஒடுங்கி, மறுபடி அட்டையைப் பிரித்து, விரலை விட்டுப் பூட்டின் நாக்கை இழுத்தேன். ஸ்பிரிங்கைச் சரியாகப் போட்டபின், சாத்துவதற்கு முன்பே ஸ்க்ரூ டிரைவரால் நாக்கைத் தள்ளிப் பார்த்துக்கொண்டேன். வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. போகும்போது பாஷா பாய் சொன்னார்: "தொறந்துக்கிற கதவைக் கொண்டாந்தேன், தொறக்காத கதவாக் குடுக்கப் பாத்தீங்களேம்மா."

கட்டுப் பிரித்த அன்று

ஆறு வாரத்தில் ஒருவர்கூட எதிர் ஷெட்டுக்குப் போகவில்லை. இனி அடுப்படியோடு இருக்கலாம் என்று நினைத்தேன். பாஷா பாய் இன்னொரு கதவுக்காக வந்தார். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆசையாக எழுந்தார். பாஷா பாய் முக்காலியை இவர் பக்கமாக நகர்த்திப் போட்டார்: "மேஸ்திரி, நீங்க குந்துங்க, அம்மாவைக் கூப்பிடுங்க."

வாடிக்கை கைவிட்டுப் போகக் கூடாது என்று மாதாவிடம் தினமும் வேண்டினேனே தவிர, யாருடைய கை என்று விவரமாகச் சொல்லாமல் விட்டது என் தப்புதான்.