எனக்குத் திருட்டு முழியாம்

இன்று எங்கள் விடுதியில் வார்டன் மிஸ்ஸின் கைக்கடிகாரம் காணாமல் போனது. எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருத்தியின் கண்ணையும் பார்த்தார்.

எங்கள் ஊர் கூக்காலில், பெரியவர்கள் கோபமாக இருக்கும்போது முகத்தைப் பார்த்தால் திமிர் என்பார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏன்டி திருட்டு முழி முழிக்கிற?"

"நான் எடுக்கலைங்க மிஸ்."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். பயத்தில் கண் தானாகத் தாழ்ந்துவிட்டது.

"உங்கப்பாவை நாளைக்கு வரச் சொல்லிட்டேன். பெட்டியைக் கட்டி வை."

போர்வைக்குள் ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

அப்பாவும் மிஸ் முன்னால் தலையைக் குனிந்துதான் நிற்பார். அது அவர் மரியாதை.

நாளைக்கு அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதும், மிஸ் கண்ணைப் பார்த்து முறைக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டும். எப்படி என்று யாருக்காவது தெரியுமா?